செய்தவர் பெயர் எங்கே?

தலைநகரில் ராய்சினா குன்றின் மீது நிற்கும் நார்த் பிளாக், சவுத் பிளாக் கட்டடங்களைத் தேசிய அருங்காட்சியகமாக மாற்றப்போவதாக மத்திய அரசு 2023-ல் அறிவித்தது. 'யுகே யுகீன் பாரத்' என்று பெயர் சூட்டப்பட்ட இத்திட்டத்தின் பரப்பு சுமார் 1.17 லட்சம் சதுர மீட்டர். அறைகள் சுமார் 950. பிரான்ஸ் நாட்டு அருங்காட்சியக அமைப்புடன் 2024 டிசம்பரில் ஒப்பந்தமும் கையெழுத்தானது. ஐயாயிரம் ஆண்டு வரலாற்றைக் காட்டப்போகும் இந்த மாபெரும் கூடத்தில் பழங்குடி மக்களின் கைவினைப் பொருள்களுக்கு இடம் இருக்கும் என்பதில் ஐயமில்லை. எத்தகைய இடம் என்பதில்தான் ஐயம்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பழங்குடியினர் 10.43 கோடி பேர். நூறு இந்தியரில் எட்டு பேருக்கும் மேல். ஆனால், நம் அருங்காட்சியகங்களில் அவர்கள் பெரும்பாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கூடையாக, ஒரு வெண்கலக் குதிரையாக, இறகு செருகிய ஒரு தலையணியாக மட்டுமே இருக்கிறார்கள். பெட்டியின் அடியில் ஒட்டிய சிறு சீட்டைப் படித்தால் பொருளின் பெயர், இனத்தின் பெயர், மாநிலத்தின் பெயர் இருக்கும். சில சமயம் 'இருபதாம் நூற்றாண்டு' என்றும் இருக்கும். செய்தவர் யார் என்று இருக்காது. எந்த ஊரிலிருந்து, எப்போது, என்ன விலை கொடுத்து, யாரிடம் கேட்டு வாங்கினார்கள் என்பதும் இருக்காது.

இது தற்செயலாக நேர்ந்த விடுபடல் அன்று. இந்திய அருங்காட்சியகங்களின் மானுடவியல் கூடங்களுக்கு அடித்தளம் இட்டவர்கள் ஆங்கிலேய அதிகாரிகள். மனிதர்களை வகைமாதிரிகளாகப் பார்த்த காலம் அது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், தென்னிந்திய மக்களின் தலை, மூக்கு அளவுகளைக் கருவி வைத்து எடுத்துக் குறித்து வைத்தார். சாதிகளையும் பழங்குடிகளையும் பற்றிய அவரது ஏழு தொகுதிகள் 1909-ல் வெளிவந்தன. அவற்றின் ஆய்வுப் பயனை மறுக்க வேண்டியதில்லை. ஆனால், ஓர் இனத்தைக் காட்ட ஒரு பொருள் போதும், செய்தவர் பெயர் வேண்டாம் என்ற கண்ணோட்டம் அந்தக் காலத்தோடு போயிருக்க வேண்டும், போகவில்லை.

விடுதலைக்குப் பிறகு வேறு ஒரு வழி தொடங்கியது என்பதையும் சொல்ல வேண்டும். 1952-ல் அமைந்த அகில இந்தியக் கைவினை வாரியத்தின் மூலம் கமலாதேவி சட்டோபாத்யாய நாடெங்கும் கைவினைப் பொருள்களைச் சேகரிக்கச் செய்தார். பார்வையாளருக்கு வேடிக்கை காட்டுவது அதன் நோக்கமன்று. மறந்துபோன வடிவங்களைக் கைவினைஞர்களே வந்து பார்த்துத் தங்கள் தொழிலுக்கு எடுத்துச் செல்ல வேண்டும் என்பதே எண்ணம். அப்படி உருவானதுதான் இன்று தில்லி பைரோன் சாலையில் உள்ள தேசியக் கைவினை அருங்காட்சியகம். கட்டடத்தை வடிவமைத்தவர் சார்லஸ் கொரியா. 1972-ல் தில்லியில் நடந்த ஆசிய வர்த்தகப் பொருட்காட்சிக்காக அமைத்த கிராமக் குடிசைகளும் அதன் வளாகத்தில் இடம்பெற்றன. பல மாநிலக் கைவினைஞர்கள் அங்கே வந்து தங்கி, பார்வையாளர் முன் வேலை செய்து, தாங்களே பொருளை விற்கும் முறையும் அங்கு வேரூன்றியது. பொருளோடு ஆளையும் காட்டிய அருங்காட்சியகங்கள் இந்தியாவில் அதற்கு முன்பு அரிது.

அப்படிப்பட்ட இடத்திலேயே நேர்ந்த ஓர் இழப்பை எளிதில் மறக்க முடியாது. பிகாரின் மிதிலைப் பகுதியைச் சேர்ந்த கங்காதேவி, 1984-ல் பத்மஸ்ரீ பெற்ற ஓவியர். புற்றுநோய்க்கு தில்லியில் சிகிச்சை பெற்றுவந்த நாள்களில், இந்த அருங்காட்சியகத்தின் ஓர் அறைச் சுவர்களில் 'கோஹ்பர் கர்' என்னும் மணவறை ஓவியத்தைத் தீட்டினார். தாமரைத் தண்டும் மூங்கிலும் மீனும் கிளியும் நிறைந்த அந்த அறை அவருடைய கடைசிப் பெரும் படைப்புகளில் ஒன்று. 1991-ல் அவர் மறைந்தார். 2015-ல் சீரமைப்புப் பணியின்போது அந்தச் சுவரோவியம் அழிக்கப்பட்டது. பத்திரிகைகளில் செய்தி வந்தது. கலை ஆர்வலர்கள் வருந்தினர். மற்றபடி ஒன்றும் நடக்கவில்லை.

மிதிலைக் கிராமங்களில் மணவறை ஓவியம் நிலையானதன்று, திருமணம் முடிந்து சில ஆண்டுகளில் மங்கும், அடுத்த திருமணத்துக்குச் சுவரை மெழுகிப் புதிதாகத் தீட்டுவார்கள், எனவே இதில் பெரிய இழப்பு என்ன என்று கேட்போர் உண்டு. கேள்வி நியாயமானதுபோலத் தோன்றும். கிராமத்தில் பழைய ஓவியத்தின் மீது சாணமும் மண்ணும் பூசுகிறவர் அந்த வீட்டுப் பெண். அடுத்த ஓவியம் அவர் கையில் இருக்கிறது. தில்லியில் அழிந்தது ஒரு வழக்கத்தின் சுழற்சியில் ஒரு கட்டம் அன்று. இனி வரைய முடியாத ஒருவரின் கைவேலை. ஓர் ஐரோப்பிய ஓவியரின் சுவரோவியம் அந்த அறையில் இருந்திருந்தால், சுண்ணாம்பு வாளியோடு உள்ளே போவதற்கு முன் எத்தனை கோப்புகள் நகர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். பெயர் தெரிந்த, விருது பெற்ற கலைஞருக்கே இந்த நிலை என்றால், பெயர் எழுதப்படாதவர்களின் பொருள்கள் கிடங்குகளில் எப்படி இருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

பெயர் ஒரு பக்கம். பொருள் தன் இடத்தில் என்னவாக இருந்தது என்பது மறுபக்கம்.

குஜராத்தின் சோட்டா உதேபூர் பகுதியில் ராத்வா மக்கள் தங்கள் வீட்டின் நடுச் சுவரில் பிதோரா தேவரின் குதிரைகளை வரைவது அழகுக்காக அன்று. நேர்த்திக்கடன் தீர்க்க வரைகிறார்கள். 'பட்வா' என்னும் பூசாரி வந்து, வரைந்தது சரியாக இருக்கிறதா என்று பார்த்து ஏற்றுக்கொண்ட பிறகுதான் அது பிதோரா ஆகும். ஒடிசாவின் லாஞ்சியா சவரர்கள் சுவரில் தீட்டும் 'இடிதல்' ஓவியம் முன்னோரின் ஆவிகளுக்குக் கட்டித்தரும் வீடு போன்றது. கர்நாடகக் கடலோர மாவட்டங்களின் பூதக் கோயில் மர உருவங்கள் பூசையில் இருந்தவை. தமிழ்நாட்டுக் கிராமத்து அய்யனார் சிலையையோ, குலதெய்வக் கோயிலின் சூலத்தையோ பெயர்த்து வந்து விளக்கு வெளிச்சத்தில் வைத்து, 'சுடுமண், 1.8 மீட்டர்' என்று எழுதினால் அந்த ஊரார் என்ன நினைப்பார்களோ, அதையேதான் ராத்வாவும் சவரரும் நினைப்பார்கள். அவர்களை யாரும் கேட்பதில்லை.

எல்லாவற்றையும் மூடிவைக்க வேண்டும் என்பது இதன் பொருள் அன்று. காட்டலாம் என்று அந்த மக்களே சொல்லும் பொருள்கள் ஏராளம். தங்கள் கலையை உலகம் பார்க்க வேண்டும் என்று விரும்புகிற கைவினைஞர்களே மிகுதி. பஸ்தரின் கட்வா வார்ப்புக் கலைஞர் தன் வெண்கல மாட்டைத் தில்லியில் பார்த்தால் மகிழவே செய்வார். காட்டக்கூடாதது எது, காட்டலாமென்றால் எப்படி என்பதை யார் முடிவு செய்வது என்பதுதான் கேள்வி.

சட்டம் இங்கே உதவுவதாக இல்லை. 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் மற்றும் கலைப் புதையல்கள் சட்டத்தின்படி, ஒரு பொருள் தொல்பொருளாகக் கருதப்பட 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். கையெழுத்துச் சுவடிகளுக்கு 75 ஆண்டுகள். கல்லும் செம்பும் அந்த வயதை எளிதில் எட்டிவிடும். மூங்கிலும் மரமும் நாரும் இறகும் மலைக்காட்டு ஈரத்தில் எப்படி எட்டும்? இளைய வயதுப் பொருளை 'கலைப் புதையல்' என்று மத்திய அரசு அறிவிக்கலாம்; ஆனால் செய்தவர் உயிரோடு இருக்கும்வரை அறிவிக்க முடியாது. ஆக, பழங்குடி மக்களின் பொருள்களில் மிகப் பெரும்பகுதி இந்தச் சட்டத்தின் கண்ணில் படுவதே இல்லை. ஐம்பது வயதான ஒரு மரத்தூணை ஒரு மலைக்கிராமத்திலிருந்து வாங்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் வியாபாரியை இந்தச் சட்டத்தைக் கொண்டு தடுக்க முடியாது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடப்பட்டு ஆஸ்திரேலிய அருங்காட்சியகம் ஒன்றில் காட்சிக்கு இருந்த நடராசர் 2014 செப்டம்பரில் தில்லியில் அந்நாட்டுப் பிரதமராலேயே திருப்பித் தரப்பட்டபோது நாடே மகிழ்ந்தது. சோழர் காலச் செப்புத் திருமேனி. சட்டம், புகைப்படம், காவல்துறை வழக்கு எல்லாம் துணை நின்றன. அந்த மகிழ்ச்சி சரியானதே. ஆனால், அதே அக்கறை மலைவாழ் மக்களின் பொருளுக்கும் கிடைத்திருக்கிறதா என்று பார்த்தால் விடை சங்கடமானது.

நாகர்களின் கதை இதற்குச் சான்று. இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் உள்ள பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தில் நாகா பொருள்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஜே.எச். ஹட்டன், ஜே.பி. மில்ஸ் போன்ற ஆட்சி அதிகாரிகள் சேர்த்து அனுப்பியவை பல. அவற்றில் நெய்த சால்வைகளும் ஈட்டிகளும் மட்டுமல்ல, மனித எலும்புகளும் மண்டையோடுகளும் உண்டு. நூறாண்டுக்கும் மேலாகப் பள்ளிச் சிறுவர்கள் அவற்றை வேடிக்கை பார்த்துச் சென்றார்கள். 2020-ல்தான் அந்த அருங்காட்சியகம் மனித எச்சங்களைக் காட்சியிலிருந்து எடுத்தது. அதன்பின் நாகா நல்லிணக்க மன்றம் முன்னின்று கிராமம் கிராமமாகப் பேசி, அவற்றைத் திருப்பிக் கொணரும் முயற்சியைத் தொடங்கியது.

2024 அக்டோபரில் இங்கிலாந்து ஏல நிறுவனம் ஒன்று, கொம்பு பொருத்திய ஒரு நாகா மண்டையோட்டை ஏலப் பட்டியலில் சேர்த்தது. நாகாலாந்து முதல்வர் நெய்பியு ரியோ வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கருக்குக் கடிதம் எழுதினார். எதிர்ப்பு வலுக்கவே ஏலத்திலிருந்து அது விலக்கப்பட்டது. யாரோ ஒருவரின் பாட்டனார் சில ஆயிரம் பவுண்டுக்கு விலை போவதாக இருந்தார் என்பதை அந்தப் பட்டியல் அச்சிட்டவர்கள் உணர்ந்ததாகத் தெரியவில்லை. 2025 ஜூனில் நாகா பெரியவர்களும் அமைப்புகளின் பிரதிநிதிகளும் ஆக்ஸ்போர்டு சென்று, தங்கள் முன்னோரின் எச்சங்களைப் பார்த்து, திருப்பித் தர வலியுறுத்தும் பிரகடனம் ஒன்றை வெளியிட்டனர்.

திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி நாகர்களுக்கு எளிதானது அன்று. போரில் வெட்டப்பட்ட தலை என்றால், அது வெட்டியவரின் ஊருக்குப் போவதா, இறந்தவரின் ஊருக்குப் போவதா? இன்று பெரும்பாலும் கிறிஸ்தவர்களாகிவிட்ட சமூகம் எந்த முறையில் அடக்கம் செய்வது? இவற்றை அவர்களே தங்களுக்குள் பேசி வருகிறார்கள். லண்டனிலோ தில்லியிலோ உட்கார்ந்திருக்கும் அதிகாரி இதற்கு விடை சொல்ல முடியாது. இந்த முயற்சியில் முதல் அடி எடுத்தது மக்கள் அமைப்புகள்தாம். மத்திய அரசு அன்று என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் 1990-லேயே, பூர்வகுடிகளின் எச்சங்களையும் புனிதப் பொருள்களையும் அந்தந்த இனத்தாருக்குத் திருப்பித் தர அருங்காட்சியகங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. நடைமுறையில் இழுபறி இருந்தது உண்மை. 2024 ஜனவரியில் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்து, இனத்தாரின் ஒப்புதல் இல்லாமல் காட்சிக்கு வைக்கக்கூடாது என்றானதும், நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் தன் இரண்டு பெரிய கூடங்களையே மூடியது. பூர்வகுடிகளின் உரிமை குறித்த ஐ.நா. பிரகடனத்துக்கு 2007-ல் இந்தியாவும் ஆதரவாக வாக்களித்தது. பண்பாட்டுப் பொருள்கள் மீது அம்மக்களுக்கு உள்ள உரிமையை அந்தப் பிரகடனம் வெளிப்படையாகச் சொல்கிறது. இந்தியர் அனைவருமே பூர்வகுடிகள்தாம் என்பது தில்லியின் நிலைப்பாடு. வாதத்துக்கு அது பொருந்தலாம். கோண்டு கிராமத்துப் பெண்ணுக்கும் தில்லி அருங்காட்சியக இயக்குநருக்கும் ஒரே உரிமை என்றால் ஒரே குரலும் இருக்க வேண்டுமே.

வேறு முறையில் செய்து காட்டிய இடம் நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. போபாலில் 1982-ல் பாரத் பவன் திறக்கப்பட்டபோது, அதன் ரூபங்கர் கலைக்கூடத்தை உருவாக்கியவர் ஜெ. சுவாமிநாதன். சிம்லாவில் பிறந்த தமிழர். தானே நாடறிந்த ஓவியர். பழங்குடி ஓவியர்களின் படைப்புகளை மானுடவியல் மாதிரிகளாக அல்லாமல், நகரத்து நவீன ஓவியங்களுக்குப் பக்கத்தில், அதே மதிப்புடன் அவர் தொங்கவிட்டார். அவர் அனுப்பிய மாணவர் குழு பாட்டன்கட் கிராமத்தில் கண்டெடுத்த இளைஞர்தான் ஜன்கர் சிங் ஷியாம். பாணன் மரபைப் போன்ற பர்தான் கோண்டு குலத்தில் பிறந்தவர். பாட்டில் இருந்த தெய்வங்களை அவர் வண்ணத்துக்குக் கொண்டுவந்தார். மத்தியப் பிரதேசச் சட்டப்பேரவைக் கட்டடத்தின் சுவர்களில் அவர் ஓவியம் இருக்கிறது. 1989-ல் பாரிஸ் கண்காட்சிக்கும் போனது. அவர் வழியில் வரைவோரின் பாணிக்கே 'ஜன்கர் கலம்' என்று பெயர் வந்தது. பெயர் எழுதினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

பெயர் மட்டும் காப்பாற்றிவிடாது என்பதற்கும் அவரே சான்று. 2001-ல் ஜப்பானில் ஓர் அருங்காட்சியகத்தில் தங்கி ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது ஜன்கர் தற்கொலை செய்துகொண்டார். வெளிநாட்டில் தங்கி வேலை செய்யும் கைவினைஞருக்கு ஒப்பந்தம், ஊதியம், நாடு திரும்பும் உரிமை ஆகியவற்றில் என்ன பாதுகாப்பு இருக்கிறது என்று அப்போது எழுந்த கேள்விகள் சில மாதங்களில் அடங்கிப்போயின.

பாரத் பவன் கட்டப்பட்டபோது அங்கே செங்கல் சுமந்த கூலித் தொழிலாளர்களில் ஜாபுவா மாவட்டத்துப் பீல் பெண் ஒருவர் இருந்தார். ஊரில் சுவரில் வரைவதைத் தாளில் வரையும்படி சுவாமிநாதன் கேட்டார். அந்தப் பூரி பாய் 2021-ல் பத்மஸ்ரீ பெற்றார். போபாலில் 2013-ல் திறக்கப்பட்ட மாநிலப் பழங்குடி அருங்காட்சியகத்தின் சுவரில் தன் வாழ்க்கைக் கதையைத் தானே தீட்டியிருக்கிறார்.

அதே போபாலில் ஷியாம்லா குன்றின் மீது பரந்துகிடக்கும் இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகத்தில் பழங்குடி வீடுகளை ஒப்பந்ததாரர் கட்டவில்லை. அந்தந்த இனத்தாரே தங்கள் மரத்தையும் மண்ணையும் புல்லையும் கொண்டு வந்து, தங்கள் சடங்கைச் செய்து கட்டினார்கள்.

மத்திய அரசு இப்போது பழங்குடி விடுதலைப் போராட்ட வீரர்களுக்காகப் பத்துக்கும் மேற்பட்ட அருங்காட்சியகங்களுக்கு ஒப்புதல் அளித்துள்ளது. பிர்சா முண்டா உயிர்விட்ட ராஞ்சிப் பழைய சிறை 2021 நவம்பரில் அருங்காட்சியகமானது. வரவேற்கத்தக்கது. வீரர்களின் பெயரை எழுதத் தயங்காத அரசு, நெசவாளியின் பெயரையும் குயவர் பெயரையும் எழுதத் தயங்க வேண்டியதில்லை.

அதிகாரிகள் சொல்லும் மறுப்புகளைப் புறந்தள்ளவும் முடியாது. அருங்காட்சியகம் எடுத்து வைத்திராவிட்டால் பல பொருள்களைக் கரையான் தின்றிருக்கும் என்பார்கள், உண்மை. வெரியர் எல்வின் மத்திய இந்தியாவிலும் வடகிழக்கிலும் சேகரித்தவை இன்றிருப்பது அப்படித்தான். அறுபது ஆண்டுகளுக்கு முன் வாங்கியதற்குச் செய்தவர் பெயர் இப்போது எங்கே கிடைக்கும் என்பார்கள். பாதி உண்மை. கொள்முதல் பதிவேட்டில் ஊர் இருக்கும். ஊரில் முதியவர்கள் இருப்பார்கள். புகைப்படத்தை எடுத்துச் சென்று காட்டினால், இது இன்னார் கை என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில ஆண்டுகள் இருப்பார்கள், அப்புறம் இருக்கமாட்டார்கள். தனிமனிதப் பெயர் போடுவது அந்தச் சமூகங்களின் வழக்கமே அன்று என்பாரும் உண்டு. தெய்வத்துக்குச் செய்ததில் தன் பெயரைக் காட்ட விரும்பாதவர் இருக்கலாம். கேட்டால் தெரியும். குலப்பெயரோ ஊர்ப்பெயரோ போதும் என்றால் அதை எழுதலாம். கேட்காமலே வேண்டாம் என்று முடிவு செய்தது யார்?

சீட்டு எந்த மொழியில் இருக்கிறது என்பதும் சிறிய செய்தி அன்று. சந்தாலி மொழி 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் எட்டாவது அட்டவணையில் சேர்ந்தது. அதற்குச் சொந்த எழுத்தும் இருக்கிறது. லட்சக்கணக்கானோர் பேசும் கோண்டி இன்னும் சேரவில்லை. சந்தால் மாணவி ஒருத்தி தில்லி வந்து தன் பாட்டியின் பனம் இசைக்கருவியைப் பார்த்தால், அதன் பெயரை இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

புதிய தேசிய அருங்காட்சியகத்துக்கான பொருள்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ராத்வாவும் சவரரும் கோண்டும் நாகரும் தோடரும் அறிவுரை கூறுபவர்களாக அல்ல, முடிவெடுப்பவர்களாக உட்கார வேண்டும். ஏற்கெனவே கிடங்குகளில் உள்ள பழங்குடிப் பொருள்களின் முழுப் பட்டியல், வாங்கிய விவரத்தோடு, பொதுவில் வெளியாக வேண்டும். எதைக் காட்டலாம், எதைக் கூடாது, எதைச் சடங்கு நாளில் ஊருக்கு அனுப்பித் திரும்பப் பெறலாம் என்பதை அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேச முடியும். 1972 சட்டத்தின் நூறாண்டு விதிக்கு வெளியே நிற்கும் பொருள்களுக்கு ஒரு திருத்தத்தை நாடாளுமன்றத்தில் கொண்டுவருவதும் பெரிய வேலை அன்று. ராய்சினா குன்றில் 950 அறைகளுக்கான காட்சிப் பெட்டிகளுக்கு ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பாக இவை நடக்க வேண்டும். பெட்டிகள் வந்து சேர்ந்த பிறகு, அவற்றை நிரப்பும் அவசரத்தில் யாரும் எந்தக் கிராமத்துக்கும் போகப்போவதில்லை.